ஆஃபர் அண்ணாச்சியின் சுஷி

வளைகுடாவுக்கு வந்து வீடு கட்டியவர்கள் உண்டு. கடனில் மூழ்கியவர்கள் உண்டு. தலைமுடியை மட்டும் இங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள் ஏராளம். ஆனால் இந்த மண்ணில் இறங்கிய நாள் முதல் எந்தப் பொருளையும் முழு விலைக்கு வாங்குவதில்லை என்று சபதம் எடுத்து, அதை நிறைவேற்றியும் காட்டிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் எங்கள் ஆஃபர் அண்ணாச்சி.

துபாய் கராமாவில் ஒரு பழைய கட்டடத்தில் நாங்கள் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தோம். அண்ணாச்சி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், ஒரு கட்டுமான கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். சிவா புதுக்கோட்டைக்காரன், ஏசி மெக்கானிக். ரஞ்சன் யாழ்ப்பாணத்தவர், சத்வாவில் ஒரு தையல் கடையில் துணி வெட்டுபவர். நான்காவது ஆள் நான். எம்.காம். படித்தவன், கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கு மேலாளர், அறுபதைத் தாண்டியவன். மனைவி இறந்த பிறகு தனி ஃபிளாட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் அந்த அறைக்கு வந்து சேர்ந்தேன். அதை என் மகனிடம் சொல்லவில்லை. அப்பா இன்னும் தனி ஃபிளாட்டில் இருக்கிறார் என்றே பெங்களூரில் இருந்த அவன் நம்பிக்கொண்டிருந்தான். நாலு பேர் அறை என் படிப்புக்கும் பதவிக்கும் குறைச்சல் என்று எனக்கு ஒரு நினைப்பு. மற்றவர்கள் என்னை 'சார்' என்றார்கள். அண்ணாச்சி மட்டும் 'சார்வாள்' என்பார்.

சூப்பர் மார்க்கெட்டுகள் வாராவாரம் விநியோகிக்கும் ஆஃபர் தாள்கள்தான் அண்ணாச்சிக்குப் பஞ்சாங்கம். எந்தக் கடையில் எந்தக் கிழமை எதற்குச் சரிவு என்று பார்த்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். வெண்ணெய்ப் பழம் மலிந்த வாரம் வெண்ணெய்ப் பழத் துவையல், வெண்ணெய்ப் பழக் கூட்டு, கடைசியில் வெண்ணெய்ப் பழ ரசம். அந்த ரசத்தைக் குடித்துவிட்டு ரஞ்சன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, இது ரசமில்லை, மருந்து. எந்த வருத்தத்துக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

ஒருமுறை கைக்குழந்தைக்குக் கட்டும் டயபர் மூட்டை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். கூடவே ஒரு எவர்சில்வர் டப்பா இலவசம். டப்பாவுக்காக மூட்டையை வாங்கியிருக்கிறார். அறையில் குழந்தை கிடையாது. அடுத்த நாள் காலையில் கண் விழித்துப் பார்த்தால், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த எங்கள் ஏசிக்கு இடுப்பில் டயபர் கட்டியிருந்தது.

சிவாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணே, நான் ஏசி மெக்கானிக்குண்ணே! ஊரு பூரா ஏசி சரி பண்றேன். என் ரூம் ஏசிக்கு டயபரா?"

"நீ சரி பண்ணுத வரைக்கும்தாம்டே. பச்சப்புள்ள மாதிரி ஒழுகுது, என்ன செய்ய?"

சிவா அன்றே ஏசியைக் கழற்றிச் சரி செய்தான். மிச்ச டயபர்களால் அண்ணாச்சி வெகு காலம் சமையலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தள்ளுபடி கிடையாது. அது சமையல் முறை. பேச்சிலர் அறைகளில் ஆளுக்கு ஒரு நாள் சமையல் என்பது எங்கும் உள்ளதுதான். எங்கள் அறையில் அது அண்ணாச்சியின் சட்டம். யாருடைய முறையோ அவர் சமைக்க வேண்டும், அவர்தான் 'சாப்பிட வாங்க' என்று மற்றவர்களைக் கூப்பிட வேண்டும். அவர் செய்யாதவரை அடுத்தவர் அடுப்பைத் தொடக்கூடாது. ஒருமுறை சிவாவின் முறை வந்தபோது அவனுக்கு அபுதாபியில் டியூட்டி போட்டுவிட்டார்கள். அவன் திரும்பி வரும்வரை நாங்கள் குபூஸ் ரொட்டியும் தயிருமாக நாளை ஓட்டினோம். அண்ணாச்சி வாங்கி வைத்த மீன் குளிர்பெட்டியில் கல்லாகக் கிடந்தது.

"நீங்களே வச்சிடலாமே அண்ணாச்சி" என்றேன்.

"வைக்கலாம் சார்வாள். அவன் மொறையை நான் செஞ்சிட்டா, அவன் இல்லேன்னாலும் வீடு நடக்கும்னு ஆயிரும். அப்புறம் அவன் எதுக்கு இங்க?"

குபூஸை மென்றுகொண்டே அதைக் கேட்டேன். படித்தவன் என்பதால் அதைப் பிடிவாதம் என்று முடிவு கட்டினேன்.

சுஷி எங்கள் வாழ்க்கைக்குள் வந்ததும் ஆஃபர் வழியாகத்தான். பெரிய மார்க்கெட்டில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் சுஷி உருட்டுகிற பிலிப்பினோப் பையன் ஒருவன் உண்டு. பொழுது சாயும்போது மிச்சத் தட்டுகளில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவான். அந்த ஸ்டிக்கருக்காகக் காத்து நின்று நின்றே அண்ணாச்சி உருட்டும் வித்தையைப் பார்த்து வைத்திருந்தார். ஒருநாள், காலாவதி நெருங்கிய கடற்பாசித் தாள் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இண்ணைக்கு நம்ம வீட்டுல சுஷி. சிநேகிதம் எல்லாம் கீழ உக்காருங்க."

கட்டைப் பிரித்ததும் நான் பழைய ஞாபகத்தில் அதைக் கார்பன் பேப்பர் என்று நினைத்துவிட்டேன். சிவா எட்டியே பார்க்கவில்லை. அன்று புரட்டாசி சனிக்கிழமை.

"எனக்கு வேணாம்ணே. விரதம். கடல்லேர்ந்து வர்றது அசைவந்தானே?"

"உப்பு எங்கேருந்துடே வருது, மலையிலேருந்தா? பச்சை மீனெல்லாம் இல்ல. கேரட்டு, வெள்ளரிக்கா, மாங்கா. ஜப்பான்காரனுக்கும் ஒரு புரட்டாசி வராமலா இருக்கும்?"

பொன்னி அரிசிச் சோறு ஒட்டவில்லை. தாளைச் சுருட்டியதும் இரண்டு பக்கமும் கொட்டியது. அண்ணாச்சி அசரவில்லை. பச்சரிசியைக் குழைய வைத்து, வினிகர் தெளித்து விசிறினார். சுருட்டும் பாய் இல்லாததால் சாப்பாட்டு மேஜை விரிப்பு ஒன்றைக் கழுவிக்கொண்டார். துண்டு போட ரஞ்சன். துணி வெட்டுகிற கை அல்லவா, ஒவ்வொரு துண்டும் சட்டைக் காலர்போல் நறுக்கென்று விழுந்தது. சிவா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெண்பொங்கலுக்குக் கறுப்புச் சட்டை மாட்டி விட்டாப்ல இருக்குண்ணே."

ஆனாலும் தின்றான். எல்லோரும் தின்றோம். ஒரு பக்கம் சோயா சாஸ், ஒரு பக்கம் எள்ளுப்பொடி. நடுவே ஒரு சின்னக் கிண்ணத்தில் பச்சையாக ஏதோ இருந்தது. ரஞ்சன் அதை வழித்து எடுக்கப் போனபோது அண்ணாச்சி பதறிப்போய்க் கையைப் பிடித்தார்.

"மெதுவா வே! அது வசாபி. அது ஒண்ணுதான் முழு வெலை!"

அறையே குலுங்கச் சிரித்தோம். சபதம் முறிந்த வெட்கத்தில் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "சிநேகிதம்னு உக்காருதோம், அதுல ஒரு கொறை இருக்கக்கூடாதுல்லா" என்று முணுமுணுத்தார். மனைவி போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அதன்பின் மாதம் ஒரு சுஷி என்று ஆனது. வெளியே போய்ச் சாப்பிட்டால் ஒரு தட்டுக்குக் கொடுக்கிற காசில் இங்கே நால்வரும் வயிறு நிறைய உண்டோம். இது கொஞ்ச காலம் நடந்தது. பிறகு கட்டடத்தைப் புதுப்பிக்கப் போவதாகச் சொல்லி, எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சிவா வேறொரு அறைக்கு, ரஞ்சன் சத்வாவில் கடைக்கு மேலேயே ஒரு மூலைக்கு, அண்ணாச்சி ஷார்ஜா முவைலாவில் கம்பெனி கேம்புக்கு. என் மகனும் அந்தச் சமயத்தில் குடும்பத்தோடு இங்கே வேலைக்கு வந்திருந்தான். ஷார்ஜாவில் வில்லா எடுத்திருந்தான். நான் வேலையை விட்டுவிட்டு அவனோடு போய்விட்டேன். அந்த வில்லாவுக்கும் முவைலாவுக்கும் நடுவில் ஒரு பெரிய சாலைதான். கூப்பிடு தூரம்.

பிரிகிற அன்று அண்ணாச்சி சட்டம் போட்டார்.

"ரூம்தான் போவுது. மொறை போவல. மாசம் ஒருத்தர் வீட்டுல சுஷி. மொத ரஞ்சன், அப்புறம் சிவா, அப்புறம் நான், அப்புறம் சார்வாள். யாரு மொறையோ அவரு கூப்பிடணும். கூப்பிடாம யாரும் வரக்கூடாது, அடுத்த ஆளு ஆரம்பிக்கவும் கூடாது. சரிதானா?"

சரி என்றோம். அன்று அவர் கண்ணில் ஒரு பயம் இருந்தது. இந்த ஊரில் அறை கலைந்தால் ஆட்களும் கலைந்துபோவார்கள் என்பதை அவர் பலமுறை பார்த்தவர். அவர் பிடித்துக்கொண்டிருந்தது எங்கள் மூவரையும்தான். ஊரில் அவருக்கு வீடு இருந்தது. ஆனால் வாழ்க்கையில் பாதிக்கு மேல் அவர் இருந்தது எங்களைப் போன்றவர்களோடு.

ரஞ்சன் முறை சத்வாவில் நடந்தது. தையல் மிஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து, வெட்டுத் துணி மூட்டையில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டோம். சிவா தன் முறையில் எல்லா உருளைக்குள்ளும் ஊறுகாய் வைத்துவிட்டான். கேம்ப் அறையில் சமைக்கக் கூடாது என்பதால் அண்ணாச்சி சைட் ஸ்டோரைத் திறந்தார். சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு புது பிளைவுட் பலகையில் சுஷியை வரிசையாக அடுக்கியிருந்தார். வாட்ச்மேன் பட்டான் எட்டிப் பார்த்து, "யே க்யா ஹை பாய்?" என்றான். அவனுக்கும் ஒன்று கிடைத்தது. வாயில் போட்டு, மென்று, வெகுநேரம் யோசித்துவிட்டு, போதும் என்கிற அர்த்தத்தில் "கலாஸ்" என்று கும்பிட்டுப் போய்விட்டான்.

அடுத்தது என் முறை.

மகனின் வீட்டுக் கூடத்தில் வெள்ளை சோபா. சமையலறை நடுவே கல் மேடை. மருமகள் நல்ல பெண், யாரையும் முகம் சுளித்துப் பார்க்காதவள். தடை அவர்கள் பக்கம் இல்லை. அண்ணாச்சி இந்த வாசலில் நுழைந்து, "சார்வாள், நம்ம ரூமை விட ஏசி நல்லா ஓடுதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் பல வருடம் கட்டிக் காத்த தனி ஃபிளாட் இடிந்து விழுந்துவிடும். அதனால் 'அடுத்த வாரம்' என்றேன். பேரனுக்குப் பரீட்சை என்றேன். வீட்டில் விருந்தாளி என்றேன். அண்ணாச்சியிடமிருந்து குரல் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. "சார்வாள், கடற்பாசித் தாளு பாதி வெலையில கெடக்கு. உம்ம மொறைக்கு வாங்கிப் போடட்டுமா?" "சார்வாள், நல்ல வெள்ளரி வந்திருக்கு, சும்மா சொன்னேன்."

ஒரு வெள்ளிக்கிழமை மாலை மகன் குடும்பத்தோடு ஷார்ஜாவில் ஒரு பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்த சுஷிப் பெட்டியின் முன்னால், பாதி விலை ஸ்டிக்கருக்காகக் காத்துக்கொண்டு அண்ணாச்சி நின்றார். சைட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், செருப்பெல்லாம் சிமெண்ட். என்னைப் பார்த்ததும் கடை அதிரக் கூப்பிட்டார்.

"சார்வாள்! என்னவே, ஆளே மெலிஞ்சிட்டீரு! உம்ம மொறை அப்படியே நிக்கே, ஞாபகம் இருக்கா?"

மகன் திரும்பிப் பார்த்தான். "யாருப்பா இவர்?"

நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். "ஆபீஸுக்கு எப்பவோ சாமான் கொண்டு வந்து போட்டவர்."

அண்ணாச்சிக்கு அது கேட்டது. என் முகத்தைப் பார்த்தார். என் மகன் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை.

"ஆமா தம்பி. சாருக்கு அப்பப்ப சாமான் கொண்டாந்து குடுத்திருக்கேன். நல்ல மனுசன் சாரு."

சார்வாள் போய் சார் வந்துவிட்டது. பெட்டிக்குப் பின்னால் இருந்த கடைப் பையன் ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கியிருந்தான். அண்ணாச்சி ஒரு தட்டும் வாங்காமலேயே போய்விட்டார். அவர் ஆஃபரை விட்டுப் போனதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதற்குப் பிறகு குரல் செய்தி வரவில்லை. நானும் அழைக்கவில்லை. சில மாதம் கழித்து சிவா போனில் பேசினான்.

"அண்ணாச்சி போயிட்டாரு சார்."

"எங்க?"

"ஊருக்குத்தான். கம்பெனியை மூடிட்டான். விசா கேன்சல். போன வாரம் ஏத்தி விட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சிவா. எல்லாரும் சேர்ந்து..."

"அதான் சார் பிரச்சினை. நான் ரூம்ல சுஷி போட்டு அனுப்பி வைக்கிறேண்ணேன்னேன். ரஞ்சன் அண்ணனும் கேட்டாரு. ஒத்துக்கவே இல்ல. 'சார்வாள் மொறைடே. நாம பண்ணிட்டா அவரு இல்லாம நடந்த மாதிரி ஆயிரும். அவருக்கு வேலை இருக்கும், கூப்பிடும்போது கூப்பிடட்டும்'னுட்டாரு. ஏர்போர்ட்ல சும்மா ஒரு டீ குடிச்சோம், அவ்வளவுதான்."

மார்க்கெட்டில் நடந்ததை அவர் இவர்களிடம் சொல்லவில்லை என்று அப்போது தெரிந்தது. அவர் எண் என்னிடம் இருந்தது. எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். என்ன சொல்லித் தொடங்குவது? படிப்பு இருந்தது, பேச வாய் வரவில்லை.

பிறகு ஒருநாள் ரஞ்சன் அழைத்தார். "சார், அண்ணாச்சி மோசம் போயிட்டாராம். நித்திரையிலேயே உயிர் போயிட்டுதாம். இப்பதான் அவற்ற வீட்டிலயிருந்து சொன்னவை."

அன்று மாலை மகனையும் மருமகளையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தனி ஃபிளாட் இல்லை என்பது, நாலு பேர் அறை, டயபர் கட்டிய ஏசி, மார்க்கெட்டில் நான் சொன்ன பொய். மகன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் புரியாமல் பார்த்தான்.

"இதுல மறைக்க என்னப்பா இருக்கு? நான்கூட வேலைக்குச் சேர்ந்தப்ப ஆறு பேர் ரூம்லதானே இருந்தேன்."

அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான் நான் அண்ணாச்சியை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தேன்.

"அவங்க ரெண்டு பேரையும் இந்த வாரமே வரச் சொல்லுங்க மாமா" என்றாள் மருமகள்.

வந்தார்கள். நான்தான் சமைத்தேன், யாரையும் கிட்டே விடவில்லை. சோறு குழையவில்லை, உருளைகள் எல்லாம் வயிறு வெடித்துக் கிடந்தன. சிவா வெள்ளை சோபாவின் நுனியில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துச் சாப்பிட்டான். "ரொம்ப மோசம் சார்" என்றான். சிரித்தோம். "அண்ணாச்சி இருந்தா முழு வெலை கொடுத்துக் கெடுத்திட்டீரே எண்டு ஏசியிருப்பார்" என்றார் ரஞ்சன். அதற்கும் சிரித்தோம். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

சிவாதான் போனை எடுத்து, அண்ணாச்சி வீட்டுக்குப் போட்டு, என் கையில் கொடுத்தான். அவர் மனைவி பேசினார்.

"யாரு பேசுதது?"

"துபாய்லேர்ந்தும்மா. என் பேரு உங்களுக்குத் தெரியாது. அண்ணாச்சி என்னை..."

"சார்வாளா? உங்கள மட்டும் சொல்லிக்கிட்டே இருப்பாக. சார்வாள் கூப்பிடுவாரு, அவரு மொறை பாக்கியிருக்குன்னு போனைக் கைய விட்டுக் கீழ வைக்க மாட்டாக. நீங்க அவுகளுக்கு ஆபீஸருங்களா?"

மகன் எதிரே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா" என்றேன். "நாங்க ஒரே ரூம். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அடுக்குக் கட்டில். எனக்கு முட்டி வலின்னு, கேக்காமலே கீழ்ப் படுக்கையை எனக்கு விட்டுட்டு அவர் மேலே ஏறிப் படுத்தவரும்மா."